வாசகர் கேள்வி – பதில்: கோடை முகாம் வேலைக்குப் போகலாமா?

அமெரிக்கக் கல்லூரிகளில் குளிர்கால விடுமுறை முடிந்து வகுப்புகள் தொடங்கும் இந்த நாட்களில்தான் அங்குள்ள கோடை முகாம்கள் வரும் ஜூன் மாதத்துக்கான ஆட்களைத் தேர்ந்தெடுக்கின்றன. அதனால்தானோ என்னவோ, இம்முறை வந்த கடிதங்களில் நான்கு இந்த ஒரே பொருளைப் பற்றியவையாக இருந்தன. நான் கல்லூரியில் படித்த காலத்தில் மூன்று கோடைகள் பென்சில்வேனியாவில் ஒரு தங்கும் முகாமில் வேலை பார்த்தவள். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு, இந்த நான்குக்கும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நான் நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்தவள்; தமிழ்ப் பள்ளியில் கற்ற தமிழில் எழுதுகிறேன், பிழையிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தில் உயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். குழந்தைகள் நல மருத்துவராக வேண்டும் என்பது என் எண்ணம். பென்சில்வேனியாவின் போக்கனோ மலைப்பகுதியில் ஒரு கோடை முகாமில் கவுன்சிலர் வேலை தருவதாகச் சொல்கிறார்கள். 8 வாரங்களுக்கு 2,400 டாலர் சம்பளம். தங்குமிடமும் உணவும் இலவசம். எங்கள் ஊர் மருந்துக்கடையில் மணிக்கு 16 டாலருக்கு வாரம் 40 மணி நேர வேலையும் கிடைக்கும். அப்பா, "பிள்ளை பார்க்கிற வேலைக்குப் போகவா உன்னைப் படிக்க வைத்தேன்?" என்று கேட்கிறார். டெக்சாஸ் முகாம் வெள்ளத்தைப் பற்றிப் படித்ததிலிருந்து அம்மாவுக்கு ஒரே பயம். நான் சைவ உணவு மட்டுமே உண்பவள். எதைத் தேர்ந்தெடுப்பது? — ஒரு வாசகி, நியூ ஜெர்சி.

பதில்: உங்கள் கடிதத்தில் திருத்த வேண்டிய பிழை எதுவும் இல்லை. உங்களுக்குத் தமிழ் கற்பித்தவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

முதலில் உங்கள் அப்பாவுக்காக ஒரு சொல் விளக்கம். தமிழ்நாட்டில் கவுன்சிலர் என்றால் வார்டு உறுப்பினர் நினைவுக்கு வருவார். சிலருக்கு மனநல ஆலோசகர் நினைவுக்கு வருவார். கோடை முகாமில் அந்தச் சொல்லுக்கு முற்றிலும் வேறு பொருள். எட்டோ பத்தோ பிள்ளைகள் தங்கும் மரக்குடிலில் அவர்களோடு உறங்கி, காலையில் எழுப்பிப் பல் துலக்க வைத்து, உணவுக்கூடத்துக்கு அழைத்துச் சென்று, ஏரியிலும் விளையாட்டுத் திடலிலும் கண்ணை எடுக்காமல் பார்த்து, இரவில் விளக்கணைத்த பிறகு யாராவது அழுகிறார்களா என்று காது கொடுத்துக் கேட்கும் இளைஞரைத்தான் அங்கே கவுன்சிலர் என்கிறார்கள். பெற்றோர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது முகாமின் இயக்குநரோடுதான் என்றாலும், அன்றிரவு அவர்களுடைய மகள் யாருடைய பொறுப்பில் உறங்குகிறாள் என்று பார்த்தால், உங்களைப் போன்ற பத்தொன்பது வயதுப் பெண்ணின் பொறுப்பில்தான். பிள்ளை பார்க்கிற வேலை என்று உங்கள் அப்பா சொன்னது முழு உண்மை. அது சின்ன வேலை என்று அவர் நினைப்பதில் மட்டுமே நான் மாறுபடுகிறேன்.

அமெரிக்கர்களுக்கு இது நூற்றாண்டைக் கடந்த வழக்கம். கனெக்டிகட் மாநிலத்தில் வாஷிங்டன் என்ற ஊரில் பள்ளி நடத்திய ஃபிரெடரிக் வில்லியம் கன், 1861இல் தம் மாணவர்களைக் கடற்கரை வரை நடத்தியே அழைத்துப்போய்க் கூடாரமிட்டுத் தங்க வைத்ததைத்தான் அந்நாட்டின் முதல் கோடை முகாமாகப் பலரும் குறிப்பிடுகிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் 1885இல் தொடங்கிய கேம்ப் டட்லி இன்றும் சாம்ப்ளைன் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருக்கிறது. இந்த முகாம்களை இன்று வரை நடத்திவருபவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள்தாம். உங்கள் அப்பாவுடைய அலுவலகத்தின் அமெரிக்க நண்பர்களை விசாரித்தால், தம் வாழ்க்கையின் முதல் வேலையாக இதைச் சொல்பவர் ஒருவராவது இருப்பார்.

இனிப் பணக் கணக்கு. மருந்துக்கடையில் 8 வாரங்களுக்கு 5,120 டாலர் வரும். முகாமில் 2,400. கையில் வரும் தொகையில் 2,720 டாலர் குறைவு என்பதை எந்த வாதமும் மாற்றாது. முகாம்காரர்கள் "தங்குமிடமும் உணவும் இலவசம்" என்று சொல்வார்கள். ஆனால் கோடையில் உங்கள் வீட்டிலேயே தங்கப்போகும் உங்களுக்கு அதனால் பெரிய மிச்சம் எதுவும் இல்லை. வாரம் ஆறு நாள், நாளுக்கு 14 மணி நேரம் பொறுப்பில் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டால், வாரத்துக்கு 300 டாலரை 84 மணி நேரத்தால் வகுக்க வேண்டும். மணிக்கு மூன்றரை டாலருக்குச் சற்றே மேல்தான் வருகிறது. இது சட்டவிரோதம் அன்று. ஆண்டில் ஏழு மாதங்களுக்கு மேல் இயங்காத முகாம்களுக்கு, கூட்டாட்சியின் நியாயமான உழைப்புத் தரச் சட்டம் குறைந்தபட்ச ஊதியத்திலிருந்தும் மிகைநேர ஊதியத்திலிருந்தும் விலக்களித்திருக்கிறது. சில மாநிலங்கள் தம் சொந்தச் சட்டத்தால் இதை இறுக்கியிருக்கின்றன. ஆகவே முகாம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத் தொழிலாளர் துறையின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த பருவத்துக் கல்லூரிக் கட்டணத்துக்கு அந்த 2,720 டாலர் உண்மையிலேயே தேவைப்படுகிறது என்றால், தயங்காமல் மருந்துக்கடைக்குப் போங்கள்; நாங்கள் யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டோம். அந்த நெருக்கடி இல்லையென்றால் மேற்கொண்டு படியுங்கள்.

உங்கள் அம்மாவின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2025 ஜூலை 4 அதிகாலையில் டெக்சாஸின் கெர் கவுண்டியில் குவாடலூப் ஆறு திடீரெனப் பெருகியபோது, கரையோரத்தில் இருந்த கேம்ப் மிஸ்டிக்கில் சிறுமியரும் கவுன்சிலர்களுமாக 27 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த இரவு நான் உறங்கவில்லை. நானும் பதினெட்டு வயதில் ஏரிக்கரைக் குடிலில் ஒன்பது சிறுமியரோடு உறங்கியவள். இரவில் தண்ணீர் ஏறினால் எந்த வழியாக எங்கே ஓட வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் டெக்சாஸ் அரசு, வெள்ளப் பகுதியில் பிள்ளைகள் உறங்கும் குடில்கள் இருக்கக் கூடாது என்றும், ஒவ்வொரு முகாமும் நெருக்கடிகாலத் திட்டம் வகுத்துப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும் என்றும் சட்டம் இயற்றியது. மற்ற மாநிலங்களின் விதிகள் ஒன்றுபோல் இல்லை. நியூயார்க்கில் முகாம்கள் மாநிலச் சுகாதார விதிகளின் கீழ் அனுமதி பெற்றே நடக்க வேண்டும். வேறு சில மாநிலங்களில் கண்காணிப்பு மிகவும் தளர்வு.

ஆகவே, நேர்காணல் என்றால் அவர்கள் மட்டும் உங்களைக் கேட்பது என்று நினைத்துவிடாதீர்கள். நீங்களும் கேட்க வேண்டும். அதுவும் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, காணொலி அழைப்பில் இயக்குநரையே நேராகக் கேட்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு இடியும் மழையும் வந்தால் என் குடில் எங்கே போகும்? அந்த உத்தரவை யார், எதன் மூலம் எனக்குச் சொல்வார்கள்? செல்பேசி எடுக்காத இடத்தில் வாக்கி-டாக்கி ஒவ்வொரு குடிலிலும் உண்டா? பயிற்சி நாட்களில் அந்தப் பாதையை இருட்டில் ஒருமுறையாவது நடந்து பார்ப்போமா? "அதெல்லாம் வந்த பிறகு சொல்லித்தருவோம்" என்று சிரித்து மழுப்பும் முகாமுக்குப் போகாதீர்கள், எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும். எழுதி வைத்த திட்டத்தைத் திரையில் திறந்து காட்டுபவரிடம் நம்பிப் போகலாம்.

இன்னொரு கேள்வி, ஒரு கவுன்சிலருக்கு எத்தனை பிள்ளைகள் என்பது. 1910இல் தொடங்கிய அமெரிக்க முகாம் சங்கம் தன் அங்கீகாரம் பெற விரும்பும் தங்கும் முகாம்களுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 6 முதல் 8 வயது வரை ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பணியாளர். 9 முதல் 14 வயது வரை எட்டுப் பிள்ளைகளுக்கு ஒருவர். 15 முதல் 17 வரை பத்துப் பேருக்கு ஒருவர். அங்கீகாரம் பெறுவது கட்டாயமில்லை. அது இல்லாத நல்ல முகாம்களும் உண்டு. ஆனால் இந்தக் கணக்கை வைத்து உங்கள் முகாமை அளந்து பார்க்கலாம். பகலில் எத்தனை பேர் என்பதோடு, மற்றொரு கவுன்சிலர் விடுப்பில் இருக்கும் இரவில் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். பலர் இந்த இரண்டாவது கேள்வியை விட்டுவிடுவார்கள்.

ஏரியில் ஜோடி முறை நடக்கிறதா என்று அவசியம் கேளுங்கள். முதல் நாளே எல்லாருக்கும் நீச்சல் தேர்வு வைத்து, யார் ஆழத்துக்குப் போகலாம், யார் கூடாது என்று பிரித்துவிடுவார்கள். தண்ணீரில் இறங்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஜோடி உண்டு. சில நிமிடங்களுக்கு ஒருமுறை விசில் ஊதியதும் ஜோடிகள் கைகோத்து மேலே தூக்க வேண்டும். எண்ணிக்கை சரியாக வந்தால்தான் மறுபடி ஆட்டம். எண்ணிக்கை ஒன்று குறைந்தால் அந்த ஏரிக்கரை முழுவதும் ஒரு நொடியில் எப்படி அமைதியாகிறது என்பதை நான் இருமுறை பார்த்திருக்கிறேன். இருமுறையும் அந்தப் பிள்ளை சொல்லாமல் கழிப்பறைக்குப் போயிருந்தது. ஆனாலும் அந்த அமைதி இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. உங்களுக்கு நன்றாக நீந்தத் தெரியுமானால், ஜூனுக்கு முன் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் உயிர்காப்பாளர் பயிற்சியை முடித்துவிடுங்கள். சேர 15 வயது நிரம்பியிருக்க வேண்டும். சான்றிதழ் இரண்டாண்டு செல்லும். அது கையில் இருந்தால் சம்பளத்தைக் கூட்டிக் கேட்கவும் இடமுண்டு.

அம்மாவிடம் உண்ணியைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். போக்கனோ காடுகளில் லைம் நோயைப் பரப்பும் மான் உண்ணி உண்டு. கனெக்டிகட்டில் லைம் என்ற ஊரில் 1970களில் முதலில் கவனிக்கப்பட்டதால் நோய்க்கு அந்தப் பெயர். உண்ணி கடித்த உடனே நோய் தொற்றிவிடுவதில்லை. பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டிக்கொண்டிருந்தால்தான் தொற்றும். அதனால் தினமும் மாலையில் முழங்கால் மடிப்பு, காதின் பின்புறம், தலைமுடி ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் நல்ல காப்பு. பிள்ளைகளுக்கும் இதைப் பழக்குவது உங்கள் வேலையில் சேர்ந்ததுதான்.

நம் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். சிறு பிள்ளையைக் கண்டால் கன்னத்தைக் கிள்ளுவதும், மடியில் இழுத்து உட்காரவைப்பதும், அழுதால் அணைத்துத் தூக்கிக்கொள்வதும் நமக்கு இயல்பு. அங்கே தொடுவதற்கு விதிகள் இருக்கின்றன. ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது; ஆறுதல் சொல்வதென்றாலும் மற்றவர் பார்வை படும் திண்ணையில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். "யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்" என்று கேட்டு ஒரு பிள்ளை எதையாவது சொல்ல வந்தால், அந்தச் சத்தியத்தைச் செய்யக் கூடாது. வீட்டில் யாரோ அடிப்பதாகவோ தவறாக நடப்பதாகவோ சொன்னால், அதை அன்றே இயக்குநரிடம் கொண்டுசெல்ல வேண்டும். பல மாநிலங்களில் முகாம் பணியாளர்கள் அரசின் குழந்தைப் பாதுகாப்புத் துறைக்குத் தாமே தெரிவிக்கச் சட்டத்தால் கடமைப்பட்டவர்கள். இந்த விதிகள் உங்கள் அன்பைச் சந்தேகிக்க வந்தவை என்று எண்ணி வருந்தாதீர்கள். தீங்கு செய்ய வருபவனும் அன்பு காட்டுபவன்போலவே வருகிறான் என்பதால், எல்லாருக்கும் பொதுவாக ஒரு வேலி தேவைப்படுகிறது. குற்றப் பின்னணிச் சோதனை நடத்தாமல், பரிந்துரைப்பவர்களிடம் பேசாமல் ஒரு முகாம் உங்களை எடுத்துக்கொள்கிறது என்றால், அருகில் படுத்திருக்கும் மற்றவரையும் அப்படியேதான் எடுத்திருப்பார்கள்.

மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்துக்கு இது உதவுமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் மனத்தில் இருக்கும். அந்தப் பொது விண்ணப்பத்தில் 15 செயல்பாடுகள் வரை குறிப்பிடலாம். அவற்றில் மூன்றை மிக முக்கியமானவையாகக் காட்டி விரித்து எழுதலாம். மூன்றில் ஒன்றாக முகாம் வேலையை எழுதத்தக்க அனுபவம் உங்களுக்குக் கிடைக்கும். ஆனால் அது மருத்துவமனை அனுபவத்துக்கு ஈடாகாது. அதை வேறொரு கோடையில் தனியாகத்தான் தேட வேண்டும். உங்களுக்கு இன்னும் ஒரு கோடையாவது மீதமிருப்பதால் இந்தக் கோடையை முகாமுக்குக் கொடுக்கலாம் என்கிறேன். மூன்றாம் ஆண்டை முடித்தவராக இருந்திருந்தால் என் பதில் மாறியிருக்கும்.

ஒரு வழியில் இரண்டையும் சேர்க்க முடியும். நடிகர் பால் நியூமன் 1988இல் கனெக்டிகட்டின் ஆஷ்ஃபோர்டில் தொடங்கிய 'ஹோல் இன் தி வால் கேங்' முகாம், புற்றுநோய், அரிவாள் அணு இரத்தசோகை போன்ற கடும் நோயுள்ள பிள்ளைகளுக்காகவே நடக்கிறது. பெற்றோரிடம் கட்டணம் வாங்குவதில்லை. முழுக் கோடைக்கும் பணியாளர்களை எடுப்பதோடு, ஒரு வாரத் தன்னார்வலர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். குழந்தை மருத்துவராக விரும்பும் ஒருவர், நோயாளி என்ற பெயர்ப்பலகை இல்லாமல் ஏரியில் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. போக்கனோ வாய்ப்புக்கு ஒப்புதல் தருமுன் அந்த முகாமுக்கும் எழுதிக் கேளுங்கள்.

உணவைப் பற்றிக் கவலை வேண்டாம். பாஸ்தா, சாலட், பீன்ஸ், ரொட்டி என்று வயிறு நிறையும். மூன்றாவது வாரத்தில் நாக்கு மோர்க்குழம்புக்கு ஏங்கும். ஊறுகாய் பாட்டிலைக் குடிலில் வைத்துக்கொள்ளக் கூடாது. கரடியையும் எலியையும் அழைக்காதிருப்பதற்காகக் குடில்களில் உணவுப்பொருளை அனுமதிப்பதில்லை. வேர்க்கடலை சேர்ந்த எதையும் முகாமுக்குள்ளேயே விடாத இடங்களும் உண்டு. பணியாளர் கூடத்தின் குளிர்பெட்டியில் பெயர் எழுதி வைக்க அனுமதி கேளுங்கள்.

என் முடிவு இது: பணநெருக்கடி இல்லையென்றால், இயக்குநர் அந்தக் கேள்விகளுக்கு நேராகப் பதில் சொன்னால், போங்கள். அப்பா மறுபடி கேட்டால், முகாமின் ஒரு நாள் அட்டவணையை அவர் கையில் கொடுத்து, காலை ஏழு மணி முதல் இரவு பத்து வரை அதில் ஒவ்வொரு மணிக்கும் எட்டுப் பிள்ளைகளின் பெயரை எழுதிக் காட்டுங்கள்.

கேள்வி: நான் எஃப்-1 விசாவில் ஒஹாயோவில் முதுகலைக் கணினி அறிவியல் படிக்கிறேன். இது எனக்கு முதலாம் ஆண்டு. என் அமெரிக்க நண்பன் செல்லும் முகாமில் எனக்கும் வேலை தருகிறார்கள். "சம்பளமாகக் கொடுக்க முடியாவிட்டால் தன்னார்வலராக வந்துவிடு, தங்குமிடமும் உணவும் கொடுக்கிறோம்" என்றும் சொல்கிறார்கள். போகலாமா? — ஒரு வாசகர், ஒஹாயோ.

பதில்: போக வேண்டாம். எஃப்-1 மாணவர் வளாகத்துக்கு வெளியே வேலை செய்யப் பொதுவாகப் பாடத்திட்டத்தோடு இணைந்த பயிற்சி அனுமதியோ, படிப்புசார் விருப்பப் பயிற்சி அனுமதியோ வேண்டும். இரண்டும் உங்கள் பாடத்துறையோடு தொடர்புடைய வேலைக்கே கிடைக்கும். கணினி அறிவியல் மாணவருக்கு வில்வித்தை கற்றுத்தரும் வேலை அதில் அடங்காது. "தன்னார்வலர்" என்ற பெயரும் உங்களைக் காப்பாற்றாது. மற்றவர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் அதே பணியை நீங்கள் செய்து, அதற்கு ஈடாகத் தங்குமிடமும் உணவும் பெற்றால், அது ஊதியம் பெற்ற வேலை என்றே எண்ணப்படலாம். அனுமதியில்லாமல் வேலை செய்ததாக ஒருமுறை பதிவாகிவிட்டால், பின்னால் வரும் விசா ஒவ்வொன்றிலும் அது எதிரில் நிற்கும். எட்டு வாரக் கோடைக்காக அதைப் பணயம் வைக்காதீர்கள்.

உங்களுக்கு ஒரு மாற்றுண்டு. பல பல்கலைக்கழகங்கள் பள்ளி மாணவர்களுக்காகக் கோடையில் நிரலாக்கம், ரோபோ, அறிவியல் முகாம்களை வளாகத்திலேயே தாமே நடத்துகின்றன. சம்பளம் கொடுப்பது உங்கள் பல்கலைக்கழகமே, வேலை நடப்பதும் வளாகத்திலேயே என்றால், அது வளாக வேலையாக அமைய வாய்ப்புண்டு. பருவம் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம் என்ற வரம்பும் விடுமுறையில் தளர்கிறது. வெளி நிறுவனம் வளாகத்தை வாடகைக்கு எடுத்து நடத்தும் முகாமும் பார்வைக்கு அதேபோல் இருக்கும். அது இதில் சேராது. எதுவானாலும் உங்கள் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலரிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகே ஒப்புக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் கோவையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஜே-1 விசாவில் அமெரிக்கக் கோடை முகாமுக்குப் போகலாம் என்று ஒரு முகவர் சொல்கிறார். ஒன்றரை லட்சம் ரூபாய் கேட்கிறார். நம்பலாமா? — ஒரு வாசகர், கோவை.

பதில்: அப்படியொரு திட்டம் இருப்பது உண்மை. அமெரிக்க வெளியுறவுத் துறை நடத்தும் பரிமாற்றத் திட்டத்தில் முகாம் கவுன்சிலர் என்று தனிப் பிரிவே உண்டு. 18 வயது நிரம்பிய மாணவர்கள், ஆசிரியர்கள், இளைஞர் பணியாளர்கள், தனித்திறன் உடையவர்கள் அதில் சேரலாம். அதிகபட்சம் நான்கு மாதம் தங்கலாம். ஆனால் விசா பெறத் தேவையான டிஎஸ்-2019 என்ற படிவத்தை அந்தத் துறை அங்கீகரித்த புரவலர் அமைப்பு மட்டுமே தர முடியும். அந்த அமைப்புகளின் பட்டியல் துறையின் இணையதளத்தில் இருக்கிறது. உங்கள் முகவர் எந்தப் புரவலருக்காக ஆள் சேர்க்கிறார் என்று கேளுங்கள். அந்தப் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு அந்த அமைப்புக்கே நேரடியாக எழுதி, இவரைத் தெரியுமா, இந்தத் தொகை எதற்கு என்று கேளுங்கள். விசா விண்ணப்பக் கட்டணம் 2023 முதல் 185 டாலர். செவிஸ் என்ற அரசுப் பதிவு முறைக்கான கட்டணம் முகாம் கவுன்சிலர்களுக்கு 35 டாலர். இவற்றோடு விமானச்சீட்டும் காப்பீடும் புரவலர் கட்டணமும் சேரும். மிச்சம் எங்கே போகிறது என்று முகவர் பிரித்துச் சொல்லட்டும். எந்த முகாம் என்று பெயர் சொல்லாமல் "அங்கே போனதும் வேலை கிடைக்கும்" என்பவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். புறப்படுவதற்கு முன்பே முகாம் உறுதியாக வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் விதி. இந்தப் பிரிவில் சென்றவரைச் சமையலுக்கோ பாத்திரம் கழுவவோ அனுப்பக் கூடாது என்பதும், அங்குள்ள அமெரிக்கக் கவுன்சிலர்களுக்கு நிகரான சம்பளம் தர வேண்டும் என்பதும் விதியே.

எல்லாம் சரியாக இருந்தாலும் உங்கள் நாட்காட்டி இடிக்கிறது. நமக்குக் கோடை என்றால் ஏப்ரலும் மேயும். அவர்களுக்கு ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. அந்த நேரத்தில் உங்கள் கல்லூரியில் அடுத்த பருவம் தொடங்கியிருக்கலாம். வருகைப்பதிவு குறைந்தால் தேர்வெழுத முடியாது. கல்லூரி முதல்வரிடம் எழுத்தில் அனுமதி கிடைத்தால் மட்டுமே மேற்கொண்டு போங்கள்.

கேள்வி: நான் இல்லினாயில் படிக்கிறேன். வரும் ஜூனில் மிச்சிகனில் ஒரு முகாமில் 8, 9 வயதுச் சிறுவர்களின் குடிலுக்குக் கவுன்சிலராகப் போவது உறுதியாகிவிட்டது. எனக்குத் தம்பி தங்கை கிடையாது. முதல் இரவில் ஒரு சிறுவன் "வீட்டுக்குப் போகணும்" என்று அழுதால் என்ன செய்வது என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. — ஒரு வாசகர், இல்லினாய்.

பதில்: அழுவான். ஒருவன் அல்ல, இரண்டு மூன்று பேர். பகலில் ஓடியாடிக்கொண்டிருந்த அதே பையன்தான், விளக்கணைத்த பத்தாவது நிமிடத்தில் போர்வைக்குள் விம்முவான். பகலில் வேலை இருக்கிறது. இரவில் வீடுதான் நினைவுக்கு வருகிறது. இது நோயும் அன்று, நீங்கள் செய்த குற்றமும் அன்று.

என் முதல் கோடையில் நான் செய்த தவற்றைச் சொல்கிறேன். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி மூன்றாம் இரவும் அழுதாள். அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்துக்கொள், அப்போதும் பிடிக்கவில்லை என்றால் அம்மாவைக் கூப்பிட்டு உன்னை அழைத்துப் போகச் சொல்கிறேன்" என்று வாக்குக் கொடுத்தேன். அன்றிரவு அவள் உறங்கினாள். மறுநாளிலிருந்து ஏரிக்கும் வரவில்லை, கைவினைக்கும் வரவில்லை, ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தாள். அவள் அங்கே வாழத் தொடங்குவதற்கு இருந்த ஒரே வழியை நான்தான் அடைத்துவிட்டேன். ஞாயிறன்று அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அது புரிந்தது. ஆகவே கெடு வைத்து வாக்குக் கொடுக்காதீர்கள். "வீட்டில் யாராவது அப்படிச் சொல்லி அனுப்பினார்களா?" என்று அவனிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பெற்றோரே அந்த வாக்கைக் கொடுத்து அனுப்பியிருந்தால் இயக்குநர் அவர்களிடம் பேசட்டும்.

அழும் பையனிடம் "அழாதே, நீ பெரிய பையன்" என்று சொல்ல வேண்டாம். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், நாய் இருக்கிறதா, இரவில் யார் படுக்க வைப்பார்கள் என்று கேளுங்கள். வீட்டைப் பற்றிப் பேசினால் அழுகை கூடும் என்று பலர் பயப்படுகிறார்கள். சற்று நேரம் கூடும், பிறகு தணியும். அதன் பின் நாளைக் காலையில் நடக்கப்போகும் ஒரே ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். அது அவனால் மட்டுமே ஆக வேண்டிய காரியமாக இருக்கட்டும். கொடிக்கம்பத்துக்குக் கொடியை எடுத்துச் செல்வது, மேசைக்குப் பால் குடுவை கொண்டுவருவது போல ஏதாவது ஒன்று. மறுநாள் மறக்காமல் அவனையே அழைத்துச் செய்ய வையுங்கள். பகலில் அவன் வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதட்டும். வருத்தத்தையும் எழுதட்டும், கூடவே நடந்த ஒரு நல்ல காரியத்தையும் எழுதச் சொல்லுங்கள். சாப்பிடாமலோ உறங்காமலோ இரண்டு நாள் போனால், அது உங்கள் கையை மீறியது. முகாம் செவிலியரிடமும் மூத்தவரிடமும் உடனே சொல்லுங்கள்.

எட்டு வயதுப் பிள்ளைகளில் ஒருவன் படுக்கையை நனைப்பதும் நடக்கும். மாற்று விரிப்பு எங்கே இருக்கிறது என்பதை முதல் நாளே தெரிந்துவைத்துக்கொண்டு, மற்றவர்கள் காலை உணவுக்குப் போன பிறகு சத்தமில்லாமல் மாற்றிவிடுங்கள். அவன் நனைந்த உறக்கப்பையை ஒளித்துவைக்க முயன்றுகொண்டிருப்பதை நீங்கள் பார்க்க நேர்ந்தால், உங்களிடமும் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கட்டும். "என் தண்ணீர் உன் பைமேல் கொட்டிவிட்டது, மன்னித்துக்கொள், துவைக்கக் கொடுத்துவிடுகிறேன்" என்று குடிலில் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு நடந்துவிடுங்கள்.